முப்பத்தொன்றாம் நிமிடத்துக்குப் பிறகு

"அண்ணே, உங்க காலை எனக்குக் குடுங்க."

சொல்லிவிட்டேன். எந்த மாதிரிப் பேச்சு என் வாயிலிருந்து வரவே கூடாது என்று அம்மா என்னை வளர்த்தாளோ அந்தப் பேச்சு. நிலைப்படியைத் தாண்டாமல், பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த கெலெபியின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி வைமோவானா கையிலிருந்த சட்டையை நழுவவிட்டாள். டிவியில் எவனோ காரோடு பாலத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். கெலெபி திரும்பவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். படத்தை நிறுத்தவில்லை.

"எந்தக் கால்?" என்றான்.

"இடது."

"நல்லதைக் கேட்டிருக்கலாம்."

வைமோவானா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

டோங்காவில் சகோதரி என்றால் சகோதரனைவிட ஒரு படி மேல். கேட்க நன்றாக இருக்கும். கடல் தாண்டி சூவா நகரத்தில் நான் பட்டம் படித்தபோது விடுதியில் கூட இருந்த பெண்கள் "குடுத்து வச்சவடி நீ" என்பார்கள். என்னத்தைக் கொடுத்து வைத்தேன்? எனக்குப் பன்னிரண்டு வயதான அன்றோடு கெலெபி நான் இருக்கும் அறைக்குள் வருவதை நிறுத்தினான். "நீ" போய் "நீங்க" வந்தது. விருந்தில் முதல் தட்டு எனக்கு வந்தது. அவனோடு சிரிப்பது போயிற்று. உடம்பைப் பற்றி, புண்ணைப் பற்றி, கக்கூஸைப் பற்றி, காதலைப் பற்றி அவனிடம் நான் வாய் திறக்கக் கூடாது. ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்க்கக் கூடாது, நடுவில் எவனாவது எவளையாவது முத்தமிட்டுத் தொலைப்பான் என்பதால். எல்லாம் மரியாதை. இருபத்தாறு வயதுக்குள் இந்த மரியாதை எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

தங்கை கேட்டால் அண்ணன் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் அம்மாவின் தடை. அவளுக்கு ஒரு ரேடியோ கதை உண்டு. கல்யாணமான புதிதில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாளாம். பேச்சுவாக்கில், "ரேடியோ பளபளன்னு இருக்கே" என்றாளாம். அவள் வீடு திரும்புவதற்குள் ரேடியோ வந்து சேர்ந்துவிட்டது, துணியில் சுற்றி. மாமா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் பக்கத்து வீட்டு வேலியோரம் நின்று புயல் செய்தி கேட்டார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா அந்த ரேடியோவை ஒரு நாளும் போட்டதில்லை.

"இல்லேன்னு சொல்ல முடியாதவன்கிட்ட கேக்கறது கேக்கறதே இல்ல, பறிக்கறது," என்பாள். "உங்கண்ணன்கிட்ட உப்பு கூடக் கேக்காதே."

நான் கேட்டதில்லை. அவனாகவே கொடுத்தான். பூசணி வயலில் குனிந்து குனிந்து, ஆஸ்திரேலியாவில் ஆறு ஆறு மாதம் பழம் பறித்து என்னைப் படிக்க வைத்தான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. ஊருக்குத் திரும்பி சர்ச் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறேன். மனித உடலில் ரத்த ஓட்டம், எட்டாம் பாடம். அதே பூசணி வயலில் ஒரு துருப்பிடித்த கம்பி கெலெபியின் இடது பாதத்தில் ஏறியது. சர்க்கரை நோயில் கால் மரத்திருந்ததால் அவனுக்கு அது தெரியக்கூட இல்லை. மூன்றாம் நாள் காலணியில் ரத்தத்தைப் பார்த்து, "யாரோடது இது?" என்று கேட்டானாம்.

இனி டிஸ்க் கதை.

எங்கள் ஊரில் ஃபொலோலாவுக்கு ஒரு டிவிடி கடை இருக்கிறது. கப்பலில் சரக்கு வரும் இரும்புப் பெட்டியில் ஜன்னல் வெட்டி வைத்த கடை. ஐந்து பாங்காவுக்கு மூன்று டிஸ்க், மூன்று நாள். இப்போதெல்லாம் பல வீடுகளில் அண்ணன் தங்கை ஒரே கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இருக்கும் டிவி ஒன்றுதானே. ஆனால் முத்தம் வரும்போது என்ன செய்வது? ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு வீட்டில் மூன்று சகோதரிகளும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடியதில் கதவுச் சட்டம் பெயர்ந்தது. மறுநாள் ஃபொலோலா என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சரே, நீதான் இங்கிலீஷ் படிச்சவ. எந்த நிமிஷத்துல கட்டிப்புடிக்கறான்னு பாத்து டிஸ்க் மேல எழுதிக் குடு. உனக்கு வாடகை இல்ல."

எழுதினேன். கறுப்பு மார்க்கரில் வெறும் எண்கள். 12, 47, 80. எண் இல்லாவிட்டால் ஒரு வட்டம். குடும்பமாக உட்காரலாம் என்று அர்த்தம். ஒரு வருஷத்தில் ஊர் முழுக்க "லோசலீன் நம்பர்" என்றால் தெரியும். எண் நெருங்கும்போது தங்கைகள் நாசூக்காகத் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். சனிக்கிழமை மாலைகளில் தெருவில் நடந்தால் எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று நான் சொல்லிவிடுவேன். முற்றத்தில் பெண்கள் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நம்பர் எழுத முழுப் படமும் பார்க்க வேண்டியதில்லை. வேகமாக ஓட்டினால் போதும். ஆட்கள் எறும்பு மாதிரி ஓடுவார்கள், இரண்டு தலை பக்கத்தில் வந்து நின்றால் நிறுத்த வேண்டும். இரண்டு மணி நேரப் படம் எட்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். கொலை எங்கே வருகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. சாவு எங்கே வருகிறது என்றும்.

கெலெபியின் கட்டைவிரல் கறுத்தது ஈஸ்டருக்குப் பிறகு. வயலுக்குப் போவதை விட்டான். பாய், தலையணை, டிவி. வைமோவானா மூலம் கடைக்கு ஆள் போகும். கார், துப்பாக்கி, அடிதடி. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பான், சீக்கிரம் வரட்டும் என்று நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அவன் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. அம்மா இலை அரைத்துக் கட்டினாள், ஜெபம் பண்ணினாள். வைமோவானா ஒரு தடவை பேச்செடுத்ததற்கு மூன்று நாள் அவன் அவளோடு பேசவில்லை. போதகர் வந்தார், கறி தின்றார், போனார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். என்னிடம் படம் போட்ட புத்தகமே இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போய் என் அண்ணனிடம் "உங்க கால்" என்று ஆரம்பிக்க முடியாது. அடுத்தவன் பிள்ளைகள் நாற்பது பேருக்கு ரத்த ஓட்டம் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சமையலறைச் சுவர் வழியாக அந்தக் கால் அழுகும் வாடை வரும். நான் டாரோக் கிழங்கை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் டிஸ்க் யோசனை வந்தது.

"அண்ணனுக்கா?" என்றாள் ஃபொலோலா. "இந்தா. பதினாறு பேர் சாகறான், ஹெலிகாப்டர் எரியுது. கெலெபிக்குத் தேன் மாதிரி."

"வேணாம். ஆஸ்பத்திரிக் கதை இருக்கா?"

"ஊசியைப் பாத்தா தென்னமரத்துல ஏறிக்கற ஆளுக்கா?"

"காலை எடுக்கற மாதிரி ஒண்ணு வேணும்."

அவள் கை அலமாரியில் அப்படியே நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆளு பொழைக்கணும்ல?"

"பொழைக்கணும். சிரிக்கணும். நடக்கணும்."

ஃபொலோலா ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். வெள்ளைக்காரர்களின் ஆஸ்பத்திரித் தொடர், நான்கு டிஸ்க். "இதுல ஒரு லாரிக்காரன் வரான் பாரு, வெள்ளைக்காரன்னு பேரு, வாய் நம்ம ஊரு வாய். காலை எடுத்துட்டு நர்ஸுகளை அந்தக் கிண்டல் பண்ணுவான். நான் ரெண்டாவது டிஸ்க் வரைக்கும் பாத்தேன். அப்புறம் டாக்டருங்க ஒருத்தரை ஒருத்தர் காதலிக்க ஆரம்பிச்சிட்டாங்க, தூங்கிட்டேன்."

முதல் இரண்டையும் என் அறையில் இருந்த பழைய டிவியில் ஒரு நொடி விடாமல் பார்த்தேன். லாரிக்காரன் முதலில் டாக்டரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான், செத்தாலும் காலோடு சாவேன் என்றான். பிறகு அழுதான். பிறகு சரி என்றான். இரண்டாம் டிஸ்க் முடியும்போது பொய்க்காலில் நின்று, "இனி பாதி சாக்ஸ் மிச்சம்" என்றான். நான் கட்டிலில் உட்கார்ந்து கை தட்டினேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

முதல் டிஸ்க் போன மறுநாள் வைமோவானா கிணற்றடிக்கு வந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவள், அவளும் என்னை "நீங்க" என்பாள்.

"லாரிக்காரன் நல்ல ஆளாம். சொல்லச் சொன்னாரு."

"வேற?"

"இதை அனுப்புனது தங்கச்சிதானான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"நான் என்ன சொல்ல? அடுத்தது இருக்கான்னு அவரே கேட்டாரு."

இரண்டாவது போனது. அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் கெலெபி சிரிக்கும் சத்தம் கேட்டது. எத்தனை வருஷமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. நானும் இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், எந்த இடத்துக்குச் சிரிக்கிறான் என்று எனக்குத் தெரியும் என்பதால். சாக்ஸ். புதன்கிழமை நர்ஸைக் கட்டுப் பிரிக்க விட்டான். வெள்ளிக்கிழமை வைமோவானா ஓடி வந்தாள், மூச்சு வாங்க.

"திங்கக்கிழமை போறேங்கறாரு! போதகர் வண்டியைக் கேட்டு வைக்கச் சொன்னாரு!"

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன கூத்து?" என்றாள். ஒன்றுமில்லை என்றோம்.

மூன்றாவதையும் நான்காவதையும் நான் முழுதாகப் பார்க்கவில்லை. பரீட்சைத் தாள் எண்பது கிடந்தது. வேகமாக ஓட்டினேன். அண்ணன் தனியாகப் பார்க்கும் டிஸ்க்குக்கு நம்பர் எதற்கு? யாருக்கும் தேவையில்லை. கை பழக்கம். மூன்றில் இரண்டு முத்தம். நான்கில் ஒன்று, முப்பத்தொன்றாம் நிமிடம். அதற்குப் பிறகு ஆட்கள் ஓடினார்கள், கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரித் தொடரில் எப்போதும்தான் ஓடுகிறார்கள். 31 என்று எழுதி, மை காய ஊதி, சனிக்கிழமை காலை வைமோவானா கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை போதகரின் வண்டி வந்து வாசலில் நின்றது. கெலெபி எழுந்திருக்கவில்லை. வண்டி அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனது. நான்காவது டிஸ்க் திரும்பி வந்தது. கூட ஒரு வார்த்தையும் வரவில்லை.

அன்றைக்குத்தான் அதை உட்கார்ந்து பார்த்தேன். முப்பத்தொன்று, முத்தம். முப்பத்தெட்டாம் நிமிடம் லாரிக்காரனை மறுபடி கொண்டுவருகிறார்கள். எடுத்த காலின் மிச்சத்திலிருந்து ஒரு ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. நாற்பத்தொன்றில் செத்துப்போகிறான். பொய்க்காலை ஒரு பையில் போட்டு அவன் பெண்டாட்டியிடம் கொடுக்கிறார்கள்.

நான் டிவியை அடித்தேன். நிஜமாகவே கையால் அடித்தேன். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. கதையை எழுதியவன் மேலா, ஃபொலோலா மேலா? என் மேல்தான். இருபத்தாறு வயதில், பட்டம் வாங்கி, ஒரு கறுப்பு மார்க்கரை வைத்துக்கொண்டு முத்தம் எண்ணிக்கொண்டிருந்தவள் மேல். ஊரே சேர்ந்து எதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும் என்று எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. நான் அதை மட்டும் பார்த்தேன்.

பிறகு வேறு தொடர்கள் அனுப்பிப் பார்த்தேன். கால் இல்லாமல் ஓட்டப்பந்தயம் ஓடியவனைப் பற்றி ஒன்று. பெட்டி திறக்காமலே திரும்பி வந்தது. "சண்டைப் படம் மட்டும் போதுமாம்," என்றாள் வைமோவானா, என் முகத்தைப் பார்க்காமல்.

நேற்று நர்ஸ் என்னைப் பள்ளிக்கூடத்துக்கே வந்து பார்த்தாள். கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. காய்ச்சல் வந்துவிட்டது. "இந்த வாரம் தாண்டினா டாக்டர் கத்தியை எடுக்க மாட்டாரு. எடுத்துப் பிரயோஜனம் இருக்காது," என்றாள்.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன், கேட்கப் போகிறேன் என்று. எங்கள் ஊரில் மரியாதைக்கு இடுப்பில் கட்டும் பாயை இறுக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"வேணாம்டி. நீ கேட்டா குடுத்துருவான்."

"அதுக்குத்தானேம்மா கேக்கறேன்."

"குடுத்துட்டுச் செத்தான்னா? ஒரு ரேடியோவுக்கே நான் இன்னும் தூங்கல."

"கேக்கலேன்னாலும் சாவாரும்மா."

"அது கடவுள் எடுக்கறது. இது நீ எடுக்கறது."

அவளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பெற்ற தாயைத் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

இப்போது இந்த நிலைப்படியில் நிற்கிறேன். நல்லதைக் கேட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டிவியில் கார் மறுபடி தரையில் வந்து விழுந்தது. வைமோவானா நழுவவிட்ட சட்டையை எடுத்து மறுபடி மடித்தாள், மடித்ததையே பிரித்து மடித்தாள்.

"அந்த லாரிக்காரன் செத்துட்டான்," என்றான்.

"அது நடிப்புண்ணே."

"அப்ப கால் போனதும் நடிப்புதானே. சிரிச்சதும் நடிப்புதானே. எதுக்கு அனுப்புனீங்க?"

பட்டம் வாங்கியவளை அவன் ஒரே கேள்வியில் மடக்கிவிட்டான்.

"கடைசி வரைக்கும் நான் பாக்கலண்ணே," என்றேன். "முத்தம் மட்டும்தான் பாத்தேன்."

அவன் தோள் குலுங்கியது. சிரித்தான் என்றே நினைக்கிறேன். பிறகு ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"எடுத்தும் செத்தா?"

"என்னாலதான் செத்தீங்கன்னு அம்மா சொல்வாங்க. ஊர் சொல்லும். அண்ணி சொல்வாங்க."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் வைமோவானா, துணியைப் பார்த்தபடி. அவள் சொல்வாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"பொழைப்பேன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. எடுத்தா பொழைக்கலாம்கறாரு டாக்டர். எடுக்கலேன்னா இல்லங்கறாரு. என் கையில இருக்கறது அவ்ளோதான்."

"எனக்குப் பயமா இருக்கு," என்றான். அந்த வார்த்தையை அண்ணன் தங்கையிடம் சொல்லக் கூடாது. அதற்கும் ஒரு தடை இருக்கும், நாங்கள் கேள்விப்படாத தடை.

"எனக்கும்."

"கேட்டுட்டீங்க," என்றான். "இனிமே என்ன இருக்கு."

அது சரி என்பது இல்லை. முடியாது போ என்று கத்தியிருந்தால் எதிர்த்துக் கத்தியிருப்பேன், காலைப் பிடித்திருப்பேன், அந்தக் காலையே. வரேன் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அவன் இரண்டையும் சொல்லவில்லை. ரேடியோவைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிய மனுஷன் எப்படிப் பேசாமல் இருந்திருப்பார் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கூட ஒரு கணம் நினைத்தேன். திரும்ப எடுத்துக்கொள்ள வழி இல்லை. சொன்னது சொன்னதுதான்.

"இந்தப் படத்துக்கு என்ன நம்பர்?" என்றான் கெலெபி திடீரென்று.

"எண்பத்திரெண்டு."

பிளேயரில் பச்சை எண்கள் மின்னின. எண்பத்தொன்று. திரையில் காரிலிருந்து இறங்கிய ஆள் ஒரு பெண்ணை நோக்கி மெதுவாக நடக்க ஆரம்பித்திருந்தான்.

"அப்ப நீங்க வெளிய போகணும், தங்கச்சி," என்றான்.

நான் போகாமல் நின்றிருக்கலாம். பதினான்கு வருஷக் கோபத்துக்கு அந்த இடத்தில் நின்று முழு முத்தத்தையும் பார்த்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டான். அவன் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

"போதகர் வண்டி வாசல்ல நிக்குது," என்றேன். "காலையிலேயே வரச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிட்டேன், இன்னிக்கே படுக்கை இருக்கு. படம் முடியற வரைக்கும் வண்டி நிக்கும். அதுக்கு மேல நிக்காது. நாலு பேர் வந்து பாயோட தூக்குவாங்க."

அவன் தலையை ஆட்டினானா என்று பார்க்கவில்லை. பார்த்தால் எது தெரிந்தாலும் என்னால் தாங்க முடியாது. திரும்பினேன். முற்றத்தில் அம்மா தரையில் உட்கார்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நிழல் அவள் மேல் விழுந்தும் நிமிரவில்லை. பின்னால் பாட்டு தொடங்கியது, முத்தத்துக்கு வரும் பாட்டு. நான் நேராக வண்டிக்குப் போய்ப் பின்பலகையின் கொக்கியைத் தட்டி, பலகையைக் கீழே இறக்கினேன்.